நித்யாவின் பதினோரு விநாடிகள்

படம் தண்ணீர்போல ஓடியது. அன்றைய தொல்லையே அதுதான்.

தோப்பும்படிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டரின் ஓபி அறை. சனிக்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும். மேசைக்கு அடியில் ஒரு பழைய கறுப்பு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயதையும் வலிமையையும் முன்கூட்டியே விசாரித்து, அதற்கென்றே தயார் செய்த வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் அதைத் திறந்தார். சொடுக்கிய மறுகணம் படம் வந்துவிட்டது. திக்கவில்லை, திணறவில்லை. சத்தம் ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமும் போகவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதிரி டப்பா கம்ப்யூட்டரில் இவ்வளவு சுத்தமாக ஒரு படத்தை ஓட வைக்க மட்டாஞ்சேரியில் என்னை விட்டால் ஆள் ஏது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை ஓடவிட்டார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதில் ஒன்னும் காணுன்னில்லல்லோ" என்றார். இதில் ஒன்றும் தெரியவில்லையே என்று.

என் பக்கத்தில் கஸ்தூரி நின்றிருந்தாள். அவள் மகள் நித்யா, எட்டு வயது, நோயாளிகளுக்கான ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே பார்த்தோம் என்று கேட்கிற பார்வை.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுக்குக் கிடங்கின் மேல்மாடி

போன வாரம் என் முதல் கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி, "கேமரா இருக்கட்டும், நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் எப்படியிருக்கும்?" என்று கேட்டிருந்தார். கேட்டவருக்காகச் சொல்கிறேன்.

யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுனுக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால், ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடியில் என் எடிட்டிங் அறை. கீழே மூட்டை பிரிக்கும்போதெல்லாம் சுக்குத்தூள் படிக்கட்டு வழியாக ஏறி வந்து கீபோர்டில் உட்கார்ந்துகொள்ளும். மிளகு வந்து இறங்கும் நாட்களில் என் தும்மல் எதிர்ச்சாரிக் கடை வரைக்கும் கேட்கும். வாரத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரைத் திறந்து பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் விசிறி நின்றுவிடும். எங்கள் கேமராமேன் சாபுவுக்கு இதில் ஒரு சந்தோஷம். "சேச்சிட கம்ப்யூட்டருக்கு மாத்ரம் ஜலதோஷம் வரில்லா" என்பான். இவ்வளவு சுக்குத் தின்கிற அக்காவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஜலதோஷமே வராதாம்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே மிளகு எடை போட வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரியில். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, அப்பா வாரம் தவறாமல் வாங்கிய பத்திரிகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்தது. இந்தத் தொடரில் எங்காவது ஒரு மலையாள வார்த்தை எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழில், கல்யாண வீடியோ. எடுப்பது சாபு. வெட்டி ஒட்டி, அவுட்புட் எடுத்துக் கொடுப்பது நான். கடைசியில் சொன்னதுதான் பெரிய வேலை என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கேமரா தருவது முழுப் பலாப்பழம். அதை அப்படியே பஸ்ஸில் ஏற்ற முடியாது. சுளையெடுத்து, டப்பாவில் போட்டு, போகிற ஊருக்குத் தகுந்த மாதிரி மூடிக் கொடுக்க வேண்டும். எது சுளை, எது சக்கை என்று தீர்மானிப்பதில்தான் தொழில் இருக்கிறது.

போகிற ஊர்களும் கொஞ்சமா? எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒரே வீட்டில் ஓடுவதில்லை. பெண்ணின் அண்ணன் ஷார்ஜாவில் லேப்டாப்பில் பார்ப்பார். மாமா பாலக்காட்டில் டிவியின் பின்பக்கம் பென்டிரைவைச் சொருகிப் பார்ப்பார். வரவேற்பு ஹாலின் புரொஜெக்டருக்குப் பின்னால் எந்தக் காலத்து கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. ஒன்று விழுங்குவதை இன்னொன்று துப்பும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே பைல் கொடுக்கத் தெரிந்தவள் நான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை.

தோஹாவுக்குப் போய்ச் சேராத கல்யாணம்

தொழில் ஆரம்பித்த புதிது. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் தோஹாவுக்குப் பறக்கிறார்கள். நாலு நாள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து படத்தை முடித்தேன். பென்டிரைவில் போட்டேன். நான் என்ன சாதாரண ஆளா, அந்தப் பென்டிரைவை மறுபடி என் கம்ப்யூட்டரிலேயே சொருகி, முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து போன். வீட்டுக்கு இருபது பேரைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, டிவி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்.

"சேச்சி, கல்யாணம் எவிடெ?" என்றார். கல்யாணம் எங்கே என்று.

நான் கொடுத்தது படமே இல்லை. படத்தின் துண்டுகள் என் ஹார்ட் டிஸ்கில் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விலாசத்தை மட்டும் வைத்திருந்த ஒரு குட்டி பைல். என் கம்ப்யூட்டரில் சொருகினால் அது விலாசத்தைப் பார்த்துப் போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டும். தோஹாவில் அந்த விலாசத்துக்கு எங்கே போகும்? எடிட்டர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. மற்றவர்களுக்கு இவ்வளவு புத்தி வேலை செய்யாது.

அந்த இருபது பேரும் அன்று பிரியாணி தின்றுவிட்டு என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அதற்குப் பிறகு, மூடிப்போன ஓர் இன்டர்நெட் சென்டரிலிருந்து இருப்பதிலேயே கிழட்டு கம்ப்யூட்டராகப் பார்த்து ஒன்றைத் தூக்கிவந்து அறை மூலையில் வைத்தேன். அதற்குப் பெயர் தாசில்தார். அவர் எந்தக் காரியத்தையும் மெதுவாகத்தான் செய்வார், ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பைல் வெளியே போகாது. தாசில்தார் திணறாமல் ஓட்டிக் காட்டினால்தான் வாடிக்கையாளர் கையில் பென்டிரைவ். அதன் பிறகு ஓடவில்லை என்று எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை.

இவ்வளவு கெட்டியான ஆள்தான் அந்த டாக்டர் முன்னால் விழித்துக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரியின் நாற்பது வீடியோக்கள்

கஸ்தூரி தேனிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் அறைக்குப் பின்சந்தில் குடியிருப்பு. பக்கத்து ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை. புருஷனுக்குத் தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் உடைக்கிற வேலை. மதியம் சமையலை முடித்துவிட்டுப் போகும்போது என் படியேறி வந்து ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் போவாள்.

நித்யாவுக்கு அது ஆரம்பித்தது ஆறு வயதில். பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று நின்றுவிடுவாள். பத்துப் பன்னிரண்டு விநாடி. கையில் இருப்பது கீழே விழும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். என்ன ஆச்சு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பள்ளியில் டீச்சர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அடவு. எங்கள் ஊரில் அடவு என்றால் பாசாங்கு, படிக்கப் பிடிக்காத பிள்ளை காட்டுகிற தந்திரம். இரண்டு வருஷமாக நித்யாவுக்குப் பின்பெஞ்சு. கேள்வி கேட்கும்போது அது வந்துவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு விழுந்தால் அப்பா கத்துவார்.

"நானே ஒருவாட்டி அடிச்சிட்டேன்க்கா" என்றாள் கஸ்தூரி ஒருநாள், சாயா டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "பால் பாத்திரத்தக் கீழ போட்டுருச்சு. வேணும்னே பண்ணுதுன்னு நெனச்சு, கன்னத்துல வச்சிட்டேன். அது என்னைய பாத்துக்கிட்டே நிக்கிது. எதுக்கு அடிச்சோம்னுகூட அதுக்குத் தெரியல."

ஒரு மழைக்காலத்தில், படகு வந்து நிற்கும் போட் ஜெட்டிப் படியில் இறங்கும்போது வந்தது. பின்னால் வந்த ஆள் நித்யாவின் ஸ்கூல் பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் பிள்ளை தண்ணீருக்குள் போயிருக்கும். அன்றைக்குத்தான் கஸ்தூரி நடுங்கிப்போனாள். விசாரித்து விசாரித்து, இந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தாள்.

அவர் வெளியூர்க்காரர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து பார்ப்பார். தலையில் ஒயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. அது வராத நேரத்தில் எடுத்தால் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "அது வரும்போது வீடியோ எடுத்துக் கொண்டாங்க. கண்ணால பாக்காம வருஷக்கணக்குல சாப்பிடற மருந்த நான் எழுத மாட்டேன்" என்றாராம். நியாயமான மனிதர்தான்.

கஸ்தூரி போனும் கையுமாகப் பிள்ளையின் பின்னாலேயே அலைந்தாள். ஒருநாள் என்னிடம் காட்டினாள், நாற்பது வீடியோ இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. படம் ஆட்டமாக ஆடி ஒரு நிலைக்கு வரும். நித்யா நிமிர்ந்து, "என்னம்மா?" என்பாள். அவ்வளவுதான். போனை எடுத்துத் திறப்பதற்குள் அது வந்து போயிருக்கும்.

சாபு சாப்பிடப் போன நேரம்

எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருந்த முதல் வருஷம் என்று ஞாபகம். கஸ்தூரியின் அக்கா வீட்டில் காதுகுத்து. நாங்கள்தான் வீடியோ. விசேஷம் முடிந்த மறுநாள் மதியம் கஸ்தூரி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். சாயா வேண்டாம் என்றாள்.

"அக்கா, நேத்து லட்டு குடுத்தப்ப புள்ளைக்கு வந்துச்சு. ரெண்டாவது வரிசையில ஒக்காந்திருந்துச்சு. உங்க கேமரா அந்தப் பக்கம் பாத்துச்சா?"

இங்கே சாபுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பந்தி என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவனைப் பிடித்து வைக்க முடியாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹால் முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்து, ஓடவிட்டுவிட்டுப் போய்விடுவான். திரும்பி வருவதற்குள் காலி நாற்காலிகளும் மின்விசிறிகளும் அரை மணி நேரம் பதிவாகியிருக்கும். அதை எடுத்துத் தூர எறிவது என் வேலை. அதற்காக அவனை நான் திட்டாத திட்டு இல்லை.

அந்தக் குப்பைக்குள்தான் தேடினேன். கஸ்தூரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரத்தில் அகப்பட்டது.

திரையின் இடது ஓரம், இரண்டாவது வரிசை. நித்யா மஞ்சள் பாவாடையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பாதி தின்ற லட்டு. மென்றுகொண்டிருக்கிறாள். வாய் நிற்கிறது. கண் ஒரு பக்கமாகப் போகிறது. இடது வாயோரம் துடிக்கிறது. இடது கட்டைவிரல் வெட்டி வெட்டி இழுக்கிறது. லட்டு உதிர்ந்து மடியில் விழுகிறது. பதினோரு விநாடி. பிறகு வாயில் இருந்ததை மறுபடி மெல்லத் தொடங்குகிறாள். சுற்றிலும் இருந்த ஐம்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்கள்லக்கா? பாத்தீங்கள்ல?" என்றாள் கஸ்தூரி. "ரெண்டு வருசமா எனக்குத்தான் கிறுக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சாபுவின் படத்தில் நித்யா ஒரு கட்டைவிரல் உயரம்தான். போனில் வைத்துக் காட்டினால் எறும்பு மாதிரித் தெரிவாள். வாட்ஸாப்பில் அனுப்பினால் அது அரைத்துக் கூழாக்கிவிடும். என்னிடம் அப்போது லேப்டாப்பும் கிடையாது. பெரிதாக்கி, டாக்டரின் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி கொடுப்பதுதான் முறை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், டாக்டர் ரூம்ல என்ன கம்ப்யூட்டர் இருக்கு?"

"கறுத்த ஒரெண்ணம்."

"எத்தனை வருஷப் பழசு?"

"ஞான் ஜாயின் செய்யும்போழே உண்டு."

கறுப்பாக ஒன்று, அவர் வேலைக்குச் சேரும்போதே இருக்கிறதாம். அது போதும் எனக்கு. தாசில்தாரின் கூடப்பிறந்தவர் என்று புரிந்துவிட்டது.

கல்யாண முகம்

என் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் உண்டு. பொத்தான் என்றால் நிஜப் பொத்தான் இல்லை. அவுட்புட் எடுக்கும்போது படத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால், பிறகு ஒரே சொடுக்கில் அத்தனையும் நடக்கும். நான் சேமித்து வைத்ததற்கு "கல்யாணம்" என்று பெயர்.

அதை உருவாக்கியது நான் என்று சொல்வதைவிட எங்கள் ஊர் அம்மாக்கள் என்று சொல்லலாம். மலையாளி, தமிழ், குஜராத்தி என்று வித்தியாசமே இல்லை. எல்லா அம்மாவும் ஒரே விஷயத்தைத்தான் காதோடு சொல்வார்கள்: "மோளுடெ முகத்தெ குரு ஒன்னு மாய்ச்சேக்கணே." பொண்ணு முகத்துப் பருவைக் கொஞ்சம் அழித்துவிடு. அதனால் "கல்யாணம்" முதலில் முகத்தை வழவழப்பாக்கும். மங்கலான ஹாலில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை, முன்னும் பின்னும் உள்ள படங்களோடு குழைத்து மறைக்கும். பழைய கம்ப்யூட்டரும் தாங்க வேண்டும் என்று, விநாடிக்கு ஐம்பதாக இருக்கும் படங்களில் பாதியைத் தள்ளிவிடும். பைல் மெலிந்துவிடும். மணப்பெண் மெழுகுபோல மின்னுவாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

நித்யா இருந்த மூலையை வெட்டிப் பெரிதாக்கினேன். கை தன் பாட்டுக்குப் போய்க் "கல்யாணம்" என்பதைச் சொடுக்கியது. வருஷக்கணக்கான பழக்கம். பிறகு தாசில்தாரிடம் கொண்டுபோனேன். படம் நிற்கிறதா என்று கவனித்தேன். சத்தம் ஒத்துப்போகிறதா என்று கவனித்தேன். ஓடுகிறதா என்று பார்த்தேனே தவிர, நித்யாவைப் பார்க்கவில்லை. பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டேன்.

ஒரு மணி வரைக்கும்

இப்போது அந்த ஓபி அறைக்குத் திரும்பலாம்.

"அக்காவும் பாத்தாங்க டாக்டர்" என்றாள் கஸ்தூரி. "வாய் இழுத்துச்சு. வெரலு இழுத்துச்சு. சத்தியமா டாக்டர்."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை. "அம்மமார்க்கு பேடி காணும்" என்று பரிவாகச் சொன்னார். அம்மாக்களுக்குப் பயம் இருக்கும்தான் என்று. அவர் கை அடுத்த டோக்கனைக் கூப்பிடும் மணிக்குப் போனது.

கஸ்தூரி நித்யாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள். வாதாடக்கூட அவளிடம் தெம்பு இல்லை. இன்னொரு மாதம். அதற்குள் ஜெட்டிப் படி, ரோடு, அடுப்பு, பின்பெஞ்சு.

படம் கடைசிக் காட்சியில் நின்றிருந்தது. திரையில் நித்யாவின் முகம் பளபளவென்றிருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கிய நித்யாவைப் பார்த்தேன். அவள் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஓர் அம்மைத் தழும்பு உண்டு. எத்தனையோ நாள் பார்த்த தழும்பு. திரையில் அது இல்லை. கன்னம் மணப்பெண் கன்னமாக இருந்தது.

தழும்பை அழித்த பொத்தான் துடிப்பையும் அழித்துவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் வந்து போகிற வாயோரத் துடிப்பை இரைச்சல் என்று நினைத்துக் குழைத்து, கட்டைவிரலின் வெட்டில் பாதியைத் தூக்கி எறிந்து, பிள்ளை சும்மா யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரி அழகாக ஆக்கிக் கொடுத்திருக்கிறது. செய்தது கம்ப்யூட்டர் இல்லை, நான்.

"டாக்டர், தப்பு என்னோடது" என்றேன். "இவங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் அவுட்புட் எடுக்கும்போது அழிச்சிட்டேன். ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி வரெ ஞான் இவிடெ காணும்" என்றார். ஒரு மணி வரைக்கும் இங்கே இருப்பேன் என்று.

வெளியே வந்ததும் கஸ்தூரி கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா ஆச்சு?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டேன் கஸ்தூரி. நீ இங்கயே இரு. எங்கயும் போகாத. நான் வந்துடறேன்."

ஏழு

ஸ்கூட்டரை விரட்டினேன். சுள்ளிக்கல்லில் ஒரு பஸ் குறுக்கே நின்று உயிரை எடுத்தது. கிடங்கு வாசலில் லாரி. சுக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் புகுந்து மாடி ஏறினேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பதற்றம் போய்விட்டது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

"கல்யாணம்" பக்கமே போகவில்லை. முகத்தை வழவழப்பாக்குவது, இரைச்சலைக் குழைப்பது எல்லாவற்றையும் அணைத்தேன். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும். இன்னும் நெருக்கமாக வெட்டினேன்: நித்யாவின் முகம், இரண்டு கை, மடி. அவ்வளவுதான் டாக்டருக்கு வேண்டியது. படச்சட்டத்தின் அளவு சின்னதாகிவிட்டதால், விநாடிக்கு ஐம்பது படத்தையும் ஒன்று விடாமல் வைத்தாலும் அந்தக் கறுப்புப் பெட்டி தாங்கும். எந்தக் கம்பெனி கம்ப்யூட்டருக்கும் புரிகிற பழைய வடிவத்திலேயே எடுத்தேன். மொத்தமே பதினோரு விநாடி. அதை மெலிய வைக்க வேண்டிய அவசியமே இல்லை, தாராளமாக விட்டேன். அதே காட்சியை நாலில் ஒரு பங்கு வேகத்தில் இன்னொரு பைலாகவும் எடுத்தேன்.

பிறகு, முதல் தடவை செய்யாததைச் செய்தேன். நித்யாவைப் பார்த்தேன். தழும்பு இருந்தது. வாயோரம் துடித்தது. கட்டைவிரல் எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணினேன். ஏழு. தாசில்தாரிடம் போட்டு மறுபடி எண்ணினேன். ஏழு. எழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஒரு மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. டோக்கன் எல்லாம் முடிந்து, டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். பென்டிரைவை வாங்கிச் சொருகினார்.

படம் தொடங்கியது. முதல் நொடியில் ஒரு சின்னத் தயக்கம். அப்புறம் சீராக ஓடியது.

வாய் நின்றது. கண் போனது. டாக்டரின் உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்தது. அவர் மெதுவான பைலைத் திறந்தார். விரலைத் திரையில் வைத்து எண்ணத் தொடங்கினார்.

"ஒன்னு... ரண்டு... மூனு..."

ஏழில் முடித்தார்.

"இடத்தெ கை, இடத்தெ சுண்டு. ஒரே வசம்" என்றார். இடது கையும் இடது உதடும், ஒரே பக்கம். பிறகு கஸ்தூரியிடம் திரும்பி, அவளுக்குப் புரிகிற தமிழில் நிதானமாகச் சொன்னார். "இது ஃபிட்ஸ்தான் அம்மா. சின்ன வகை. ஒரு ஸ்கேன் எடுக்கணும். மருந்து இன்னைக்கே தொடங்கிடலாம். பயப்பட வேண்டாம்."

கஸ்தூரி மருந்துச் சீட்டுக்காகக் கையை நீட்டினாள்.

"இது எங்க சீனியர் சாருக்கு அனுப்பணும். அவரோட லேப்டாப் வேற கம்பெனி. அதில் ஓடுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் ஓடும் டாக்டர். யாருக்கு வேணும்னாலும் அனுப்புங்க" என்றேன். என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

"எனக்கும் காட்டுங்க" என்றது ஒரு குரல்.

நாங்கள் மூன்று பேரும் மறந்துபோயிருந்தோம். கஸ்தூரி பார்த்திருக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன், டாக்டர் பார்த்துவிட்டார். யாருக்கு வருகிறதோ அவள் ஒருத்திதான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. டாக்டர் கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார். அவள் சரி என்றதும் திரையை நித்யாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

நித்யா ஸ்டூலில் முட்டி போட்டு ஏறிப் பார்த்தாள். லட்டு விழுந்தபோது தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் அடவு காட்டலல்ல?"

கஸ்தூரி பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி தங்கம். அம்மாதான் தப்பா நெனச்சேன். ஒன்னைய அடிச்சது தப்பு."

நித்யா திரையைக் காட்டினாள். "டீச்சரும் பாக்கணும்" என்றாள். கெஞ்சலாக இல்லை. செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைச் சொல்கிற குரலில்.

திங்கட்கிழமை, முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கஸ்தூரியும் நித்யாவும் நானும், கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளி ஆபீஸ் அறை வாசலில் டீச்சருக்காகப் போய் நின்றோம். பென்டிரைவை நித்யாதான் வைத்திருந்தாள்.